கழல மறுக்கும் பட்டை



மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். எஞ்சினின் முகப்பில் இரண்டு மூன்று கப்பிகளைச் சுற்றிக் கறுத்த ரப்பர்ப் பட்டை ஒன்று இறுகக் கிடக்கும். ஓட்டுநர்கள் இதனை 'ஃபேன் பெல்ட்' என்பர். தண்ணீர்ப் பம்பை மாற்றுவதானாலும், டைனமோவை இறக்குவதானாலும், முகப்பில் வேறு எந்தப் பழுதைப் பார்ப்பதானாலும், முதலில் கழற்ற வேண்டியது பெரும்பாலும் இந்தப் பட்டையைத்தான். சில வேளைகளில் அது எளிதில் கழல்வதில்லை. அதனோடு மல்லுக்கு நின்று விரலை நசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. நல்ல கப்பியின் விளிம்பைச் சிதைத்தவர்களும் உண்டு. பட்டை ஏன் கழல மறுக்கிறது, அதனை முறையாகக் கழற்றுவது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் மெக்கானிக் அல்லன். பள்ளியில் இயற்பியலும் கணக்கும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் உராய்வு, ஆப்பு, நெம்புகோல், வட்டவில் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடங்கள் நான்கும் இந்த ஒரு பட்டையிடத்தே ஒன்றுகூடி நிற்பதைக் கண்டு வியந்திருக்கிறேன். அந்த வியப்பில் உங்களுக்கும் பங்கு தர விரும்புகிறேன்.

பட்டையின் வேலை யாது என்று முதலில் நோக்குவோம். அம்பாசடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பகுதி முதல் 2014-ஆம் ஆண்டு வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி நாடெங்கும் ஓடிய வண்டி அது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சினின் முகப்பில் மூன்று கப்பிகள் உண்டு. கீழே இருப்பது எஞ்சினின் முதன்மைத் தண்டோடு சுழல்வது. மேலே நடுவில் இருப்பது தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் சுழற்றுவது. பக்கத்தில் இருப்பது மின்சாரம் தரும் டைனமோவினுடையது. மூன்றையும் ஒரே பட்டை தழுவிச் செல்கிறது. அந்தப் பட்டை அறுந்தால் நேர்வதென்ன? மின்சாரம் பிறவாது, உடனே சிவப்பு விளக்கு எரியும். தண்ணீர் சுழலாது, விசிறி நிற்கும். எஞ்சினின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ஓட்டுநர் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் இன்னும் சில கல் தொலைவு ஓட்டினால், எஞ்சினின் தலைப்பகுதியே வளைந்துவிடக்கூடும். சில நூறு ரூபாய்ப் பொருளின் குறையால் பல்லாயிரம் ரூபாய்ப் பொருள் கெடும். ஆகவே பட்டையைப் பழுதின்றிக் கழற்றவும் பூட்டவும் அறிவது சிறிய செய்தியன்று.

இனி, பட்டை கப்பியைப் பற்றும் விதத்தைப் பார்ப்போம். முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றைக் கையால் மட்டும் பிடித்தால் அது நம்மை இழுத்துச் சென்றுவிடும். அதே கயிற்றைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் ஒரு சிறுவனும் அதனை நிறுத்திவிடுவான். கயிற்றுக்கும் தூணுக்கும் இடையே உள்ள உராய்வு சிறுவனுக்குத் துணை செய்கிறது. சுற்று மிகுந்தால் அத்துணை பன்மடங்காகப் பெருகும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணிதமேதை ஆய்லர் கணக்கிட்டுக் காட்டினார். உராய்வெண் 0.3 என்று கொண்டால், அரைச்சுற்றுக்கு ஒரு பக்கத்து இழுவிசை மறுபக்கத்து இழுவிசையைப்போல் ஏறத்தாழ 2.5 மடங்கு வரை இருக்கலாம். அதுவரை பட்டை வழுக்காது.

இது தட்டையான பட்டையின் கணக்கு. மோட்டார் வண்டியின் பட்டையோ தட்டையானதன்று. அதனைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். கப்பியின் பள்ளமும் அவ்வாறே சரிந்த இரு சுவர்களைக் கொண்டது. விறகு பிளக்கும் ஆப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை மேலிருந்து சிறிது அழுத்தினால் அது பக்கவாட்டில் பெருவிசையோடு தள்ளுகிறது. அதுபோலவே பட்டையும் பள்ளத்தினுள் இழுபடும்போது இரு சுவர்களையும் பெருவிசையோடு நெருக்குகிறது. பள்ளத்தின் கோணம் 40 பாகையானால், பற்றும் திறன் உராய்வெண் ஏறத்தாழ மூன்று மடங்கானதற்கு ஒப்பாகும். மேற்சொன்ன அரைச்சுற்றுக் கணக்கை மீண்டும் போட்டால் 2.5 மடங்கு என்றிருந்தது 15 மடங்குக்கு மேல் போய்விடுகிறது. சிறிய இடத்தில் குறுகலான பட்டையைக் கொண்டு பெருவேலை வாங்க முடிவதன் காரணம் இதுவே.

பட்டை ரப்பர்தானே, இழுத்தால் நீளாதோ என்று நீங்கள் கேட்கலாம். வெறும் ரப்பர் நீளும். 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும் நீளத்தான் செய்யும். ஆனால் பட்டையின் உள்ளே வலிய நூல்கள் சுற்றுமுழுவதும் ஓடுகின்றன. இழுவிசையைத் தாங்குவன அந்த நூல்களே. ரப்பர் அவற்றுக்கு உறையும் பிடிப்பும் ஆகும். நூல்கள் பெரும்பாலும் நீளமாட்டா. இவ்வொரு செய்தியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

பட்டை பள்ளத்தினுள் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பியின் அரைச்சுற்றில் அதனை விளிம்பு மட்டத்துக்கு உயர்த்த எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும்? பத்தைப் 'பை' என்னும் எண்ணால் பெருக்குங்கள். சுமார் 31 மில்லிமீட்டர் வரும். ஓரிடத்தில் ஏற்றிச் சிறிது சிறிதாகப் புரட்டினால் இதனிற் குறைவாகவே வேண்டியிருக்கும். ஆயினும் கூடுதல் நீளம் வேண்டும் என்பது உறுதி. அந்த நீளத்தைப் பட்டை தராது. கப்பிகள்தாம் தர வேண்டும். இரு கப்பிகள் மட்டும் உள்ள அமைப்பில் ஒரு கப்பி 1 மில்லிமீட்டர் மற்றதை நெருங்கினால் பட்டையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தளர்வு பிறக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆகவே கழலாத பட்டையை இழுப்பதிலும் நெம்புவதிலும் பயனில்லை. எந்தக் கப்பி நகர வேண்டியது, அதனை நகரவிடாமல் பிடித்திருப்பது எது என்றே நாம் தேட வேண்டும்.

இதனை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். 1991-ஆம் ஆண்டு கோடையில் விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து நானும் வேறு மூன்று ஆசிரியர்களும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஒரு வாடகை அம்பாசடரில் வந்துகொண்டிருந்தோம். கொடைரோடு அருகே தண்ணீர்ப் பம்பு ஒழுகத் தொடங்கியது. சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பதினேழு பதினெட்டு வயதுள்ள இளைஞன் ஒருவன் வேலையைத் தொடங்கினான். டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தினான், டைனமோவைத் தள்ளினான், அது அசையவில்லை. ஒரு நீண்ட திருப்புளியைப் பட்டைக்கும் கப்பிக்கும் இடையே செருகி நெம்பத் தொடங்கினான். நெற்றியில் வியர்வை வழிந்ததே தவிரப் பட்டை மசியவில்லை.

பட்டறைக்குரிய முதியவர் உள்ளேயிருந்து வந்தார். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. திருப்புளியை மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, டைனமோவை எத்தனை போல்ட்டு பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"மூணு அண்ணே. மூணையும் தளர்த்திட்டேன்."

"நல்லா எண்ணிப் பாரு."

இளைஞன் குனிந்து பார்த்தான். டைனமோவின் மேற்புறம் இரண்டு போல்ட்டுகள். கதவுக்குக் கீல்போல அவற்றின்மேல்தான் டைனமோ ஊஞ்சலாடும். கீழ்ப்புறம் நீண்ட துளையுள்ள ஓர் இரும்புப் பட்டயம். அதில் டைனமோவைப் பிணைப்பது மூன்றாவது போல்ட்டு. இம்மூன்றும் கண்ணுக்கு எளிதில் தெரிவன. அந்தப் பட்டயத்தின் மறுமுனையை எஞ்சினோடு பிணைக்கும் நான்காவது போல்ட்டு ஒன்று எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் மூடி மறைந்து கிடந்தது. அதனைத் துடைத்து ஸ்பானரால் அரைச்சுற்றுத் தளர்த்தினான். டைனமோவை உள்ளங்கையால் தள்ளினான். அது எஞ்சின் பக்கமாகச் சாய்ந்தது. பட்டை தளர்ந்து தொங்கியது. இரண்டு விரல்களால் அதனை எடுத்துவிட்டான். "பட்டை மேல குத்தமில்ல தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு முதியவர் உள்ளே போனார்.

நான்காவது போல்ட்டு இறுகியிருந்தால் டைனமோ ஏன் அசையாது? இங்கேதான் நமது வடிவியல் பாடம் வருகிறது. டைனமோ மேலுள்ள கீலை மையமாகக் கொண்டு ஒரு வட்டவில்லில் நகர்கிறது. பட்டயத்திலுள்ள துளை வேறொரு வழியில் செல்கிறது. பட்டயம் தன் மறுமுனையில் சிறிது திரும்ப முடிந்தால், இரு வழிகளும் ஒன்றுக்கொன்று இடங்கொடுத்துக்கொள்ளும். அம்முனை இறுகியிருந்தாலோ, டைனமோ ஒரு வழியில் போக முயலும். துளை அதனை வேறு வழியில் செலுத்த முயலும். முடிவில் ஒன்றும் நகராது. கையில் எவ்வளவு வலிமை இருந்தும் பயனில்லாமற் போவது இதனால்தான்.

இனி, கழற்றும் முறையை வரிசையாகக் கூறுகிறேன். முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நன்கு ஆற வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. இக்காலத்து வண்டிகளில் விசிறி மின்சாரத்தால் ஓடுவது. எஞ்சின் நின்ற பின்னும் அது திடீரெனச் சுழலத் தொடங்கலாம். ஆகவே பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுவது நன்று. டைனமோவின் மின்முனையில் ஸ்பானர் பட்டுத் தீப்பொறி பறப்பதையும் அது தடுக்கும்.

அடுத்து, பட்டை செல்லும் வழியைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். கழற்றும்போது எல்லாம் நினைவிருப்பதுபோல் தோன்றும். பூட்டும்போது குழப்பம் வரும். பட்டையைச் சுற்றும் வழி மாறினால், சில வண்டிகளில் தண்ணீர்ப் பம்பு எதிர்த்திசையில் சுழன்றுவிடும்.

அதன் பின்னர்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போல்ட்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் சிறிதளவே தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. துருப்பிடித்த போல்ட்டு திரும்பாவிடில், துருவில் ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டுக் காத்திருங்கள். அந்த எண்ணெய் பட்டைமேல் படலாகாது. பட்டால் ரப்பர் கெடும், பட்டை வழுக்கும். ஸ்பானரின் நீளம் இருமடங்கானால் அதே கைவிசை இருமடங்கு திருப்புத்திறன் தரும் என்பது நெம்புகோல் விதி. அதனை நம்பி நீண்ட குழாயைச் செருகித் திருப்புவோர் உண்டு. துருவின் பிடி இளகுமுன் அவ்வாறு செய்தால் போல்ட்டின் தலை முறிந்து கையில் வரும். பத்து நிமிட வேலை ஒருநாள் வேலையாகிவிடும். பொறுமை இங்கே கருவிகளுள் ஒன்று.

டைனமோ நகர்ந்த பின்பும் பட்டை பள்ளத்தைவிட்டு வாராமல் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. பல ஆண்டு வெப்பத்தால் ரப்பர் இறுகிப் பள்ளத்தின் வடிவத்தை ஏற்றிருக்கும். அப்போது கப்பிகளுக்கு இடையே உள்ள நீண்ட பகுதியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தால் அது விடுபடும். திருப்புளியால் நெம்பலாகாது. நெம்பினால் கப்பியின் விளிம்பில் சிறு பிசிறு எழும். அது புதிய பட்டையை நாள்தோறும் அரம்போல் அறுக்கும். பட்டையின் உள்நூல் ஒன்றிரண்டு அறுந்தாலும் வெளியே தெரியாது; ஆனால் அந்தப் பட்டையின் ஆயுள் அன்றே முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை. எஞ்சினை ஒருவர் சாவியால் சிறிது சுழற்ற, மற்றொருவர் பட்டையைக் கையால் புரட்டிக் கழற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. கப்பியும் பட்டையும் கூடுமிடத்தில் விரல் அகப்பட்டால், சற்றுமுன் நாம் கணக்கிட்ட அந்தப் பற்றுவிசை முழுவதும் விரல்மேல் பாயும். காளையை நிறுத்தும் உராய்வு, விரலை விடுவிக்கும் வரை காத்திராது. இந்த வழக்கத்தை யார் சொன்னாலும் பின்பற்றாதீர்கள்.

இன்றைய வண்டிகளில் அமைப்பு மாறியிருக்கிறது. அடிப்புறத்தில் பல வரிகள் ஓடும் அகலமான ஒரே பட்டை, ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு, குளிர்சாதனக் கருவி முதலிய பலவற்றையும் பாம்புபோல் வளைந்து சுழற்றுகிறது. அங்கே தளர்த்த வேண்டிய போல்ட்டுகள் பெரும்பாலும் இல்லை. சுருள்வில்லின் விசையால் பட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் 'டென்ஷனர்' என்னும் கப்பி உண்டு. அதனை ஸ்பானரால் வில்லின் விசைக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தால் பட்டை தளரும். இங்கும் பட்டை மறுக்குமானால் காரணம் பெரும்பாலும் இரண்டிலொன்று: திருப்பும் திசை தவறு, அன்றேல் டென்ஷனர் துருவால் இறுகிவிட்டது. டென்ஷனரே இல்லாமல், நீளும் நூல்களோடு செய்யப்பட்ட பட்டையை இழுத்து மாட்டிய வண்டிகளும் சில உண்டு. அவற்றில் பழைய பட்டையை வெட்டியே எடுப்பர். புதியதைப் பூட்டத் தனிக் கருவி வேண்டும். ஆகவே புதிய பட்டையும் அக்கருவியும் கையில் இருப்பதை உறுதி செய்துகொள்ளாமல் கத்தியை எடுக்கலாகாது.

மூடியின் உள்ளே மறைந்திருக்கும் பல்வைத்த பட்டை ஒன்றும் உண்டு. 'டைமிங் பெல்ட்' என்பர். 1962-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனத்து வண்டியொன்றில் வந்து பின்னர்ப் பரவியது. நம் சாலைகளில் மிகுதியாக ஓடிய மாருதி 800-லும் அது உண்டு. எஞ்சினின் தண்டும் வால்வுகளும் காலம் தவறாமல் இயங்கச் செய்வது அதன் பணி. அதனை ஃபேன் பெல்ட் என்று எண்ணிக் குறியிடாமல் கழற்றிவிட்டால் அந்த ஒழுங்கு குலையும்; சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளின்மேல் மோதி அவற்றை வளைத்துவிடும். அது பயின்றவரின் கைக்கு உரியது. மாணவர் தொடுவதற்கு உரியதன்று.

பட்டை கழன்றதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. அப்போதுதான் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்க வாய்ப்புக் கிட்டுகிறது. கரகரவென்று ஒலித்தாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ, உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். புதிய பட்டையை மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். பழைய பட்டையையும் திருப்பிப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அது நெடுநாள் வழுக்கியிருக்கிறது. உட்புறத்தில் குறுக்கு வெடிப்புகள் இருந்தால் முதுமையால் இறுகியிருக்கிறது. எண்ணெயில் ஊறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. தூக்கி எறியும் முன் அது சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூட்டும்போது அளவறிந்து இறுக்குங்கள். நீண்ட பகுதியின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் அளவு தாழ்வது பல பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். அந்தந்த வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. தளர்ந்தால் வழுக்கும்; மிக இறுகினால் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும் டைனமோவின் பேரிங்கும் தேயும்.

மாணவர்களே, வகுப்பில் கணக்கு வராதபோது விடையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிழை விடையில் இராது; மூன்றாவது வரியில் ஒரு குறி மாறியிருக்கும். அந்த வரியைக் காட்டினால் போதும், மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள். கழலாத பட்டையும் அத்தகையதே. தடை எங்கே தென்படுகிறதோ அங்கேயே இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அது பெரும்பாலும் வேறோரிடத்தில் பிசுக்கு மூடிக் கிடக்கிறது.

உங்களுக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இசைவு பெற்று, எஞ்சின் நின்று ஆறியிருக்கும் நேரத்தில், அவர் உடனிருக்க முன்மூடியைத் திறந்து பாருங்கள். எதனையும் தொட வேண்டியதில்லை. பட்டை செல்லும் வழியைக் குறிப்பேட்டில் வரையுங்கள். எந்தக் கப்பி நகரக்கூடியது என்று கண்டறியுங்கள். அதனைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எண்ணி எழுதுங்கள். பின்னர் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள்.